வருகிறேன், வரவில்லை

ஜூன் 3, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று முறை போய்வருகிறோம். இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவர் வழக்கம்போலத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு முழு நேரமும் படுத்திருந்தார். தூங்கவில்லை. தூங்கினால் துண்டு ஏறி இறங்கும் விதமே வேறு. எனக்குத் தெரியும்.

ஊசியை எடுத்துக் கட்டுப்போடும்போது புஷ்பலீலா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரத்துல இருந்து நாங்க யாருக்கும் போன் பண்ணிக் கேக்க மாட்டோம்மா. 'துளி'ன்னு ஒரு ஆப் வந்திருக்கு. முந்தின நாள் சாயங்காலம் அதுல செய்தி வரும். பச்சையில 'வருகிறேன்'னு இருக்கும், சிவப்புல 'வரவில்லை'ன்னு இருக்கும். பச்சையை அழுத்துனாத்தான் உங்க கட்டில் உங்களுக்கு. இல்லேன்னா வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்குப் போயிடும்."

"ஸ்டோர்ல இருக்குமா சிஸ்டர்?"

"அங்க இருக்காது. லிங்க் அனுப்புறேன். அதைத் திறந்து ஹோம் ஸ்கிரீன்ல சேத்துக்கணும்."

தலையாட்டினேன். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவள் நான். போன் விஷயத்தில் புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆட்டோவில் வரும்போது அவர் சொன்னார்: "என் போன்லயே போட்டுடு அரசி. என் நம்பர்தானே அங்க குடுத்திருக்கு." இப்படி ஏதாவது புதிதாக வந்தால் எரிந்துவிழுகிறவர். இன்று இவ்வளவு எளிதாகச் சம்மதித்தது ஆச்சரியம்.

ஜூன் 4, புதன்

சிஸ்டர் இருக்காது என்று சொல்லியும் ஸ்டோரில் தேடினேன். 'துளி' இருந்தது. நீல நிறத்தில் அழகான படம். சிஸ்டருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் போனில் ஏற்றிவிட்டேன்.

மதியம் அவர் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். "தண்ணீர் குடிக்க நேரமாகிவிட்டது! ஒரு டம்ளர் குடியுங்கள்!" என்று இருந்ததாம். அது ஆரோக்கியமானவர்கள் வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ஆப். ஒரு நாளைக்குச் சின்ன பாட்டிலுக்கு மேல் தண்ணீர் கூடாது என்று சொல்லப்பட்ட மனிதரிடம்.

அவர் சிரித்தார். உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். எடுத்துவிடுகிறேன் என்றதற்கு, "இருந்துட்டுப் போகட்டும். அது ஒண்ணுதான் என்னைக் குடின்னு சொல்லுது" என்றார்.

பொட்டாசியம் அவருக்கு ஆகாது என்று உருளைக்கிழங்கை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினேன். அப்படியும் கால் தட்டுதான் கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

டயாலிசிஸ். காத்திருக்கும் அறையில் நூருன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துவாக்குடியிலிருந்து வருகிறாள். அவள் கணவர் கமாலுதீனுக்கு இன்னும் நிரந்தரமாகக் கட்டில் கிடைக்கவில்லை. யாராவது வராமல் போனால் கிடைக்கும் என்று காலையிலேயே கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பல நாள் சும்மாதான் திரும்பிப் போகிறார்கள்.

அவள் போனில் துளி இருந்தது. துபாயிலிருந்து மகன் அனுப்பிய ஐபோன்.

"இந்தச் சதுரத்துல இருந்து அம்பு மேல போகுதுல்லக்கா, அதை அழுத்தணும்" என்று காட்டினாள். என் கையில் இருந்த அவர் போனில் சதுரமும் இல்லை, அம்பும் இல்லை.

"உங்களதுல மூணு புள்ளி இருக்கும்" என்றாள். சிஸ்டர் அனுப்பிய செய்தியிலிருந்தே லிங்க்கை அழுத்தினேன். பக்கம் திறந்தது. மூன்று புள்ளி இருந்தது. அதற்குள் 'ஹோம் ஸ்கிரீன்' என்ற சொல்லே இல்லை. இரண்டு பேரும் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தோம். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வியாதி. போன்தான் வேறு வேறு.

ஜூன் 6, வெள்ளி

சுபத்ராவைக் கூப்பிட்டேன். ஓசூரில் அவள் ஆபீஸில் ஏதோ கூட்டமாம். தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அம்மா, அது ஆப்பே இல்ல. வெப்சைட்."

"அப்புறம் ஏண்டி அதை ஆப்புங்கறாங்க?"

"ஆப் மாதிரி. நீ செய்திக்குள்ளயே திறந்தா அந்த ஆப்ஷன் வராது. லிங்க்கைக் காப்பி பண்ணி பிரவுசர்ல போட்டுத் திற. மூணு புள்ளி. ஆட் டு ஹோம் ஸ்கிரீன். அவ்வளவுதான். அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்."

காப்பி செய்வது எப்படி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். விரலை அழுத்தியபடி வைத்தால் வந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது. ஆனால் போட்டுவிட்டேன். போனின் முகப்பில் ஒரு சிவப்புத் துளி. திறந்தேன், பச்சையை அழுத்தினேன். சின்ன வயதில் முதல்முறை தனியாக ஒரு டிரங்க் காலை இணைத்தபோது இருந்த சந்தோஷம்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் முழுக்க மணி அடிக்கும் அடிக்கும் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கீரை ஆய்ந்தேன். அடிக்கவில்லை. செய்தி வரவில்லை என்றால் பழைய மாதிரி நேராகப் போனால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். இன்று காலை போனால் அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறார்.

புஷ்பலீலா சிஸ்டர் போனை வாங்கிப் பார்த்தார். "அம்மா, இது வெறும் ஷார்ட்கட். ஓரத்துல குட்டியா பிரவுசர் படம் ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க. சேக்கும்போது ரெண்டு கேட்டிருக்கும், இன்ஸ்டாலா ஷார்ட்கட்டான்னு. இன்ஸ்டால் கொடுத்தாத்தான் எங்க செய்தி வரும்."

இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. நான் என்ன செய்வேன். சுவரோரம் நின்று அழுதேன். அவர் என் முதுகில் கை வைத்து, "விடு அரசி. ஒரு நாள்தானே" என்றார். குரலில் கோபமே இல்லை. வெளியே வந்ததும் ஆட்டோவை ஓட்டல் வாசலில் நிறுத்தச் சொல்லிப் பொங்கல் வாங்கினார். கூடாது என்று எவ்வளவோ சொன்னேன். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார். பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட பையன் மாதிரி முகம்.

நாளை மாலை ஒரு இடம் தருவதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 11, புதன்

மாலையில் டயாலிசிஸ் முடிந்தது. சிஸ்டரே அவர் போனில் பழையதை எடுத்துவிட்டுச் சரியாக இன்ஸ்டால் செய்து, மணி அடிக்க அனுமதியும் கொடுத்தார். சோதித்தும் காட்டினார். டிங் என்றது. இனிக் கவலை இல்லை.

வரும் வழியில் ஊறுகாய் பாட்டில் ஒன்று வாங்கினேன், எனக்கு மட்டும்.

ஜூன் 13, வெள்ளி

சிவப்புத் துளியைக் காணோம். தண்ணீர் குடிக்கச் சொல்வது இருக்கிறது, இது இல்லை.

"தெரியாம எதையாவது அழுத்திட்டேன் போல" என்றார். அவருக்கு விரல் நடுங்குகிறது, உண்மைதான். ரயில்வே பணிமனையில் நூல் பிசகாமல் இரும்பு கடைந்த கை. மறுபடி இன்ஸ்டால் செய்தேன். இப்போது எனக்கு மனப்பாடம். பச்சையையும் நானே அழுத்தினேன்.

ஜூன் 14, சனி

டயாலிசிஸ். கால் நரம்பு இழுத்துக்கொண்டு அலறிவிட்டார். அவர் அலறி நான் கேட்டதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டயாலிசிஸ் ஆனது. நேற்று மாலையும் துளியைக் காணாமல் தேடினேன். முகப்பில் இல்லை. பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால், கடைசிப் பக்கத்தில், விளையாட்டுகளெல்லாம் போட்டு வைத்திருந்த ஒரு பெட்டிக்குள் கிடந்தது. அவர் விளையாடுவதே இல்லை. போன் தானாக இடம் மாற்றுகிறது போல.

வரும் வழியில் கடைவீதி மொபைல் கடையில் காட்டினேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதுவா எங்கயும் போகாதுங்கம்மா. யாராவது எடுத்து வெச்சாத்தான் போகும்" என்றார். போன் பழசாகிவிட்டதா என்று கேட்டேன். "போன்ல ஒரு குறையும் இல்லைங்க."

வியாபாரம் செய்கிறவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். இவருக்கு விஷயம் தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

மாலை மணி அடித்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓடி வருவதற்குள் அவரே, "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றார். சரி.

ஜூன் 19, வியாழன்

போனோம். பலகையில் அவர் பெயர் இல்லை. அவருடைய கட்டிலில் கமாலுதீன். குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

நூருன்னிசா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க நல்லா இருக்கணும். நேத்து ராத்திரி இவருக்கு மூச்சே நின்னுடும்னு பயந்துட்டேன். உங்க வீட்டுக்காரர் வரலைன்னு போட்டதாலதான் கிடைச்சுது. ஊருக்குப் போறீங்களா?"

"வரலைன்னு போட்டாரா?"

"ஆமாக்கா. சிவப்பு அழுத்துனாத்தான் எங்களுக்கு உடனே செய்தி வரும். போன் சத்தம் கேட்டு நானே எடுத்துப் பாத்தேன்."

பச்சையும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுங்கும் விரல். அதை அவளுக்குச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

அவர் வெளியே, ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவே இல்லை. நான் இறங்கும்போதே "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று சொல்லியிருந்தார்.

ஜூன் 21, சனி

பச்சையை நான் அழுத்தினேன். போய்வந்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

ஓய்வு நாள். காலையில் அவர் என் போனைக் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் எதையோ செய்துகொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

என் போன் முகப்பில் வரிசையாகப் புதுப் படங்கள். கரண்ட் பில். காஸ். வீட்டு வரி. தண்ணீர் வரி. எல்லாம் அந்தந்த இணையதளத்திலிருந்து எடுத்து முகப்பில் வைத்திருக்கிறார்.

"வரி ரெண்டும் இன்ஸ்டால் ஆகாது. வெறும் ஷார்ட்கட்தான். அதனால நீயாத்தான் தேதி பாத்துத் திறக்கணும், அது கூப்பிடாது. காஸ் நிஜமாவே இன்ஸ்டால் ஆகியிருக்கு, அது மணி அடிக்கும். ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோ, பிரவுசரைச் சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டா இதெல்லாம் மறுபடி பேர், பாஸ்வேர்டு கேக்கும். பயந்துடாத."

கடைசியில் இன்னொரு படம் இருந்தது. குடும்ப ஓய்வூதியம். எனக்குத்தான் என் பென்ஷன் தனியாக வருகிறதே, இது எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

ஒவ்வொன்றையும் என்னையே திறந்து மூடச் சொன்னார். விரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் ஒரு முறைகூடத் தப்பான இடத்தில் படவில்லை. இவ்வளவு தெரிந்தவர்...

மதியம் பீர்க்கங்காய்க் கூட்டு. அவருக்கு உப்பில்லாமல் தனியாக.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று போன் அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்று காலை, "உடம்பு சோர்வா இருக்கு, வியாழன் போய்க்கலாம்" என்றார். கால் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை.

ஜூன் 25, புதன்

விடியற்காலை மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. ஆம்புலன்ஸ். நேராக டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார்கள். அவசரமாக டயாலிசிஸ் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

புஷ்பலீலா சிஸ்டர் என்னை மருந்து அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அம்மா, அப்பா தெரியாம அழுத்தலை. மூணாம் தேதி ஆப்பைப் பத்தி நான் சொன்ன அன்னிக்கே, நீங்க மருந்து வாங்கப் போனப்ப, வரலைன்னு போட்டா வீட்டுக்குச் சொல்லுவீங்களான்னு கேட்டார். மாட்டோம், அது நோயாளி விருப்பம்னேன். அப்ப எனக்குப் புரியலை. போன வாரம் கூப்பிட்டுக் கேட்டேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னார். அதை மீறித்தான் இப்ப சொல்றேன்."

நன்றி சிஸ்டர் என்றேன்.

ஜூன் 26, வியாழன்

அவர் ஆஸ்பத்திரியில். குளிக்க வீட்டுக்கு வந்தபோது மாவு அரைத்தேன்.

ஜூன் 28, சனி

நேற்று அங்கேயே டயாலிசிஸ் முடித்து வீட்டுக்கு வந்தோம். இன்று கேட்டுவிட்டேன். பகலில், அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது. கண்ணுக்குக் கண் பார்க்காமல் கேட்க அதுதான் வசதியாக இருந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவர் மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். பிறகு, "சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் போயிடுவேன். அதான்" என்றார்.

"அப்படி என்ன கஷ்டம்? நாலு மணி நேரம் படுத்திருக்கறது."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நாலு மணி நேரம் அங்க. வந்தா அன்னிக்குப் பூரா பொணம் மாதிரி கிடக்கேன். மறுநாள் கொஞ்சம் எழுந்து உக்காந்தா, சாயங்காலமே மணி அடிக்குது, நாளைக்கு வர்றியான்னு. நடுவுல நான் எங்க அரசி இருக்கேன்?"

"நான் இருக்கேனே."

"அதான் இவ்வளவு நாள் போனேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே துடைத்துக்கொண்டு, துளியை என் போனில் போடச் சொன்னார். அவருடைய எண்ணைக் கொடுத்ததும் அவர் போனுக்கு ஓடிபி வந்தது. அவரே படித்துச் சொன்னார். தன் போனில் இருந்ததை எடுத்துவிட்டார். என் கண் முன்னால், விரலை அழுத்தி வைத்து, மேலே இழுத்து விட்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இனிமே நீயே அழுத்து. பச்சை போட்டா வரேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

ஜூலை 1, செவ்வாய்

பச்சை. போய்வந்தோம். ப்ரஷர் இறங்கி நினைவு தப்பிவிட்டது. பாதியில் நிறுத்தினார்கள்.

ஜூலை 3, வியாழன்

பச்சை. ஆட்டோவில் ஏற இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தேவலை என்று இருந்தது.

ஜூலை 5, சனி

பச்சை. இன்றும் பாதியில் நிறுத்தினார்கள். டாக்டர் மாசிலாமணி கூப்பிட்டார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர், இன்று கதவைச் சாத்தி உட்காரச் சொன்னார்.

"இதயம் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. ஒவ்வொரு தடவையும் ப்ரஷர் விழுது. தொடர்ந்து பண்ணலாம், நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். நிறுத்துறதா இருந்தாலும் அது தப்பில்லை. வலி, மூச்சுத் திணறல் தெரியாம வீட்லயே வெச்சுப் பாத்துக்க நர்ஸ் வருவாங்க, மருந்து தருவோம்."

"நிறுத்தினா எவ்வளவு நாள்?"

"ஒரு வாரம். சிலருக்குக் கொஞ்சம் கூட." அப்புறம் கேட்டார்: "அவர் என்ன நினைக்கிறார்? அவர்கிட்ட கேட்டீங்களா?"

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டேன். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சுபத்ரா கூப்பிட்டாள். அப்பா எப்படி இருக்கார் என்றாள். நல்லா இருக்கார் என்று சொல்ல வாயெடுத்து, "களைச்சுப் போயிருக்கார்" என்றேன். அடுத்த மாதம் லீவு போட்டு வருவதாகச் சொன்னாள்.

ஜூலை 7, திங்கள்

சாயங்காலம் வெளியே மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். விளக்குப் போடவில்லை.

"நாளைக்குப் போகணுமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ கேக்குறியா, சொல்றியா?"

"கேக்குறேன்."

"அப்படீன்னா வேணாம் அரசி."

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். வீங்கிய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். சுபத்ராவிடம் சொல்ல வேண்டும் என்றேன். "சொல்லு. ஆனா அவ வந்து சென்னை, பெரிய ஆஸ்பத்திரின்னு இழுத்தா நீதான் தாங்கணும். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல."

"தாங்கிக்கறேன்."

சிவப்பை அழுத்தினேன். அதோடு முடியும் என்று நினைத்தேன். காரணம் என்ன என்று கேட்டது. வெளியூர் பயணம், காய்ச்சல், வாகனம் கிடைக்கவில்லை, வேறு. வெகுநேரம் நான்கையும் மாறிமாறிப் பார்த்தேன். "என்ன கேக்குது?" என்றார். சொன்னேன். "வேறன்னு போடு" என்றார்.

போட்டேன். "தங்கள் பதிலுக்கு நன்றி" என்று வந்தது.

ஜூலை 9, புதன்

நேற்று போனில் சொன்னேன்; சுபத்ரா வந்துவிட்டாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீ எப்படிம்மா அழுத்துனே?"

"அப்பா வேணாம்னார்."

"அவர் வேணாம்னு சொல்லத்தான் செய்வார், நோயாளி! பக்கத்துல இருக்கறவங்க அதைக் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

உள்ளேயிருந்து அவர், "சுபா, நான்தாம்மா சொன்னேன்" என்றார். அவள் அங்கே போய் அவர் நெஞ்சில் தலை வைத்து அழுதாள். அவரிடம் கோபப்படவில்லை. சென்னையில் யார்யாருக்கோ போன் செய்தாள். அவர் அவள் கையைப் பிடித்து மெதுவாகப் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

அவர் மீன் குழம்பு கேட்டார். புளி, உப்பு எல்லாம் சரியாகப் போட்டு வைத்தேன். இரண்டு வாய்தான் சாப்பிட்டார். "இதுதான் குழம்பு" என்றார்.

பகலில் நர்ஸ் வந்து மருந்து எப்படிக் கொடுப்பது என்று காட்டினார். நாக்குக்கு அடியில் சில சொட்டு. எனக்கும் சுபத்ராவுக்கும் சேர்த்துத்தான் காட்டினார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று கேட்டுக்கொண்டோம்.

ஜூலை 13, ஞாயிறு

பெரும்பாலும் தூக்கம். துண்டு இல்லாமல், வாய் லேசாகத் திறந்து, நிஜமான தூக்கம். நடுவில் விழித்தபோது சுபத்ரா சின்ன வயதில் ரயில் எஞ்சின் பார்க்கவேண்டும் என்று அழுது, பணிமனைக்குக் கூட்டிப்போனதும் சத்தத்தில் பயந்து ஓடியதைச் சொன்னார். அவள் சிரித்தாள். நான் வாசல் நிலையில் நின்று கேட்டேன்.

ஜூலை 14, திங்கள்

மூச்சில் இரைச்சல். மருந்து.

ஜூலை 15, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டார். பால்காரர் வந்துபோன பிறகு.

ஜூலை 18, வெள்ளி

நூருன்னிசாவும் கமாலுதீனும் துக்கம் கேட்க வந்தார்கள். அவருக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி. அதைச் சொல்லும்போது நூருன்னிசா தலையைத் தூக்கவே இல்லை. "நல்லா இருக்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர்கள் போன பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சுபத்ராவின் மாமியார், சித்தப்பா வீட்டார் என்று ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். எல்லோரிடமும் அவள் நன்றாகப் பேசுகிறாள்.

ஜூலை 30, புதன்

காரியம் முடிந்துவிட்டது. உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வாடகைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். ஒரு கரண்டி குறைகிறது என்றார்கள்; தேடியும் கிடைக்கவில்லை.

சமையலறையில் சுபத்ரா காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளர். ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். எடுத்துக்கொண்டேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். அப்படியே குடித்தேன்.

"கடைசியா அவருக்கு வலிச்சுதாம்மா?"

இந்த மூன்று வாரத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

"திங்கக்கிழமை மூச்சுக்குக் கஷ்டப்பட்டார். மருந்து கொடுத்தப்புறம் இல்ல. அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்ல. நீயும்தானே இருந்தே."

"நான் தூங்கிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எனக்கு ஞாபகமே இல்ல." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நீ தூங்கினியா?"

"இல்ல."

"முந்தின நாள்?"

"இல்ல."

"எப்பதான்மா தூங்கினே?"

யோசித்தேன். உண்மையாகவே எனக்கு ஞாபகம் வரவில்லை. சாயங்காலம் மணி அடிக்குமோ என்று ஒரு காது, இரவு அவர் மூச்சுக்கு ஒரு காது. இவ்வளவு நாளும் அப்படித்தான் போயிருக்கிறது.

என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே போய்ப் பாயை விரித்தாள், தலையணை உறையை மாற்றினாள், ஜன்னலைச் சாத்தினாள்.

"படு. நான் முழிச்சிருக்கேன்."

இனி எதற்கு யாராவது முழித்திருக்க வேண்டும் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. பகல் பதினொரு மணி. படுத்தேன்.